நாமெல்லாம் இணை உறுப்பினர்கள்

இலவச இணையக் குழுக்களில் உறுப்பினர் பேச்சு எடுபடுமா என்று வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும். கூட்டுறவுத் தணிக்கையில் ஆயுசைக் கழித்தவளிடம் இதை ஏன் ஆசிரியர் தள்ளிவிட்டார் என்று முதலில் முணுமுணுத்தேன். கடிதங்களைப் படித்தபின் முணுமுணுக்கவில்லை.

மாடித்தோட்டக் குழு ஒன்றில் பல வருடமாக எழுதுகிறேன். மாவுப்பூச்சிக்கு என்ன அடிப்பது, வெயிலில் கீரை ஏன் கசக்கிறது என்று எத்தனையோ பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். போன மாதம் குழுவை ஆரம்பித்தவர் அதை ஒரு உரக்கடைக்குக் கைமாற்றிவிட்டார். பெயரே மாறிவிட்டது. கேள்வி கேட்டவர்களை வெளியேற்றிவிட்டார்கள், என்னையும் சேர்த்து. "ஓசியில் உட்கார்ந்த இடத்தில் உனக்கென்ன உரிமை?" என்கிறார் என் கணவர். நிஜமாகவே எனக்கு உரிமை இல்லையா?
— தாராபுரம் வாசகி

ஓசி என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னது சரி, ஆளைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். வேப்பெண்ணெயோடு எவ்வளவு சோப்புக் கரைசல் சேர்ப்பது என்று ராத்திரி அடுப்படி வேலை முடித்து உட்கார்ந்து எழுதியது நீங்கள். அதைத் தேடிப் படிக்க வந்தவர்கள்தான் குழுவில் சேர்ந்தார்கள். உரக்கடைக்காரர் காசு கொடுத்து வாங்கியது அவர்களை. ஓசியில் லாபம் பார்த்தது யார் என்று உங்கள் வீட்டுக்காரரையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் உரிமை இருக்கிறதா என்றால், இல்லை. உழைப்பு வேறு, ஓட்டு வேறு. எங்கள் துறையில் 'இணை உறுப்பினர்' என்று ஒரு வகை உண்டு. நகைக்கடன் வாங்க வருகிறவரிடம் சின்னத் தொகை ஒன்று வாங்கிக்கொண்டு பதிவேட்டில் பெயர் ஏற்றுவார்கள். அவருக்கும் எண் உண்டு. கடன் கிடைக்கும். அவர் கட்டும் வட்டியில்தான் பல சங்கங்களின் வண்டியே ஓடும். ஆனால் பேரவைக் கூட்டத்தில் ஓட்டுக் கிடையாது, லாபத்தில் பங்கு கிடையாது, நிர்வாகக் குழுவுக்கு நிற்கவும் முடியாது. "நானும் மெம்பர்தானே" என்று கூட்டத்தன்று வந்து நிற்பவருக்குச் செயலாளர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவார். அம்மா, அந்தக் குழுவில் நீங்கள் இருந்தது இணை உறுப்பினராக. ஃபேஸ்புக்கோ, டெலிகிராமோ, எங்கே சேர்ந்தாலும் நாமெல்லாம் அதுதான். உங்கள் குழுவில் இரண்டு அடுக்கு வேறு: குழு அட்மினுக்கு நீங்கள் இணை உறுப்பினர், அந்தத் தளத்தை நடத்தும் கம்பெனிக்கு அட்மினே இணை உறுப்பினர்.

ஓட்டுக் கொடுத்துப் பார்த்த கதையும் ஒன்று உண்டு. 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தன் விதிமுறையைச் சத்தமில்லாமல் மாற்றியது. பயனர்கள் போட்ட கூச்சலில் பழைய விதிக்கே திரும்பியது. அதோடு நில்லாமல், இனி விதியை மாற்றுவதென்றால் உங்களிடம் வாக்கெடுப்பு நடத்துவோம் என்றும் அறிவித்தார் மார்க் ஸக்கர்பெர்க். ஒரு மாற்றத்தைப் பற்றி 7,000 பேர் கருத்து எழுதினால் வாக்கெடுப்பு. அதன் முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்த வேண்டுமானால் மொத்தப் பயனரில் 30 சதவீதம் பேர் வாக்களித்திருக்க வேண்டும். தணிக்கைக்காரியின் கண் நேரே அந்த முப்பதில் போய் நிற்கும்.

2009 ஏப்ரலில் முதல் வாக்கெடுப்பு. ஆறரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். தேவைப்பட்டதோ 6 கோடி. 2012 ஜூனில் இரண்டாவது. பதிவான வாக்கு 3,42,632. அதில் 87 சதவீதம் புதிய விதி வேண்டாம் என்றது. செல்லாது; தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லை. அதே வருடம் டிசம்பரில் மூன்றாவது. இந்த முறை கம்பெனி முன்வைத்ததே, இனி வாக்கெடுப்பே வேண்டாம் என்பதுதான். 6,68,872 பேர் வாக்களித்தார்கள். 88 சதவீதம் பேர் எதிர்ப்பு. அப்போது பயனர் 100 கோடி, ஆக 30 கோடி வாக்குத் தேவை. அதுவும் செல்லாது. வாக்கெடுப்பு முறை அன்றோடு போயிற்று.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். எங்கள் சங்கங்களில் கோரம் சேராவிட்டால் கூட்டம் ஒத்திப்போகும், தீர்மானம் அப்படியே நிற்கும். அங்கே கோரம் சேராவிட்டால் நிர்வாகம் நினைத்தது நிறைவேறும். இப்படி ஒரு துணைவிதியை எந்தச் சங்கமாவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் எங்கள் பதிவாளர் அலுவலகத்தில் காப்பி கொடுத்து உட்காரவைத்து, பேனாவையும் பிடுங்கி வைத்திருப்பார்கள்.

உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்துச் சொந்தம் ஒன்று உண்டு. கவுச்சர்ஃபிங் என்ற தளம் 2004இல் தொடங்கியது. வெளியூர்ப் பயணிக்கு உங்கள் வீட்டுச் சோபாவில் இலவசமாக இடம் கொடுப்பது, நீங்கள் போகிற ஊரில் இன்னொருவர் வீட்டில் தங்குவது. காசு கைமாறாது. 2006இல் அதன் தகவல் சேமிப்பு பெருமளவு அழிந்துபோய், இத்தோடு முடிந்தது என்று நிறுவியவரே அறிவித்துவிட்டார். உறுப்பினர்கள் விடவில்லை. சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து மறுபடி எழுப்பிக் கொடுத்தார்கள். 2011இல் அது லாப நோக்குள்ள கம்பெனியாக மாறி, முதலீட்டாளர்களிடம் 76 லட்சம் டாலர் வாங்கியது. 2020 மே மாதம், கொரோனாவில் உலகமே வீட்டுக்குள் இருந்தபோது, கட்டணம் கட்டினால்தான் உள்ளே வரலாம் என்று திரை போட்டது. பல வருட நட்புக் கடிதங்களும் மற்றவர்கள் எழுதிக்கொடுத்த நற்சான்றுகளும் அந்தப் பக்கம். எழுப்பிக் கொடுத்தவர்கள் இந்தப் பக்கம்.

இதே வேலைக்கு வேறு மாதிரி ஒரு தளமும் உண்டு. ஹாஸ்பிடாலிட்டி கிளப் என்ற இன்னொரு விருந்தோம்பல் தளத்தின் தன்னார்வலர்கள் சிலர் 2007இலேயே தனியே போய் பீவெல்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னால் நிற்பது பிரான்ஸில் பதிவு செய்த ஒரு சங்கம். உறுப்பினர் சேரலாம், கூட்டத்துக்குப் போகலாம், ஓட்டுப் போடலாம். கவுச்சர்ஃபிங் அளவுக்கு அது வளரவில்லை; ஆனால் யாரும் அதை விற்கவும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது: நீங்கள் எழுதியதன் காப்புரிமை உங்களுடையது. பெரிய தளங்கள் எல்லாமே தங்கள் விதிமுறையில் இதை ஒத்துக்கொண்டு, பயன்படுத்திக்கொள்ளும் அனுமதியைத்தான் வாங்குகின்றன. தளத்தின் அமைப்புகளுக்குள் (செட்டிங்ஸ்) போனால் உங்கள் தகவலைப் பதிவிறக்கிக்கொள்ள வழி இருக்கும். முதலில் அதைச் செய்யுங்கள். வெளியேற்றப்பட்ட மற்றவர்களும் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெயர் தெரிந்த நாலு பேருக்குத் தகவல் அனுப்பினால் மற்றவர்கள் வந்து சேர்வார்கள். புதிதாகத் தொடங்கும் குழுவில் அட்மின் ஒருவராக இருக்கக் கூடாது, மூன்று பேர் வேண்டும், வேறு வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. பெயர் மாற்றுவதும் கைமாற்றுவதும் உறுப்பினரைக் கேட்காமல் கூடாது என்று முகப்பிலேயே எழுதிப் பொருத்திவிடுங்கள். அதற்குச் சட்ட பலம் இருக்காது. ஆனால் யாராவது மீறும் நாளில், எல்லோரும் சேர்ந்து வெளியேற அந்த ஒரு வரி போதும்.

2023இல் ரெடிட்டில் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததாமே. அதில் ஜெயித்தது யார்?
— நாகர்கோவில் மாணவர்

கம்பெனிதான், தம்பி. ஆனால் ஆட்டம் எப்படிப் போனது என்று பார்ப்பதில் விஷயம் இருக்கிறது.

ரெடிட் என்பது தலைப்புவாரியாகப் பிரிந்த ஆயிரக்கணக்கான மன்றங்கள். ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்துவது சம்பளம் இல்லாத மட்டுறுத்துநர்கள். குப்பைப் பதிவை நீக்குவது, சண்டையை விலக்குவது, வந்த கேள்வியே திரும்ப வந்தால் வழிகாட்டுவது எல்லாம் அவர்கள் தலையில். இந்த வேலைக்கு அவர்களில் பலர் வெளியார் எழுதிய செயலிகளையும் கருவிகளையும் நம்பியிருந்தார்கள். 2023 ஏப்ரலில், அந்தச் செயலிகள் தன் தகவலை எடுக்க இனிக் கட்டணம் என்றது கம்பெனி. அப்போலோ என்ற செயலியை எழுதியவர் கணக்குப் போட்டார்: வருடத்துக்கு சுமார் 2 கோடி டாலர். அது ஏறக்குறைய ஒற்றை ஆள் நடத்திய செயலி.

ஜூன் 12ஆம் தேதி 8,000க்கும் மேற்பட்ட மன்றங்கள் கதவை மூடின. இரண்டு நாள் என்று சொல்லி மூடியதுதான் அவர்கள் செய்த பிழை என்பது என் அபிப்பிராயம். முடியும் தேதியை நோட்டீஸிலேயே அச்சடித்த வேலைநிறுத்தத்தைப் பார்த்து எந்த நிர்வாகம் பயப்படும்? இதுவும் கடந்துபோகும் என்று தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதினார். இரண்டு நாளுக்கு மேலும் மூடியிருந்த மன்றங்களுக்கு, திறக்காவிட்டால் உங்களை மாற்றி வேறு ஆள் போடுவோம் என்று தகவல் போயிற்று. படங்களுக்கான பெரிய மன்றம் ஒன்று திறந்தது, ஆனால் ஜான் ஆலிவர் என்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளரின் படத்தை மட்டுமே போடலாம் என்று விதி செய்தது. சிரிப்பாக இருந்தது. ஜூன் 30இல் அப்போலோ மூடப்பட்டது.

இதில் என்னை உட்காரவைத்த இடம் வேறு. மட்டுறுத்துநர்களைப் பரம்பரை நிலப்பிரபுக்களோடு ஒப்பிட்டார் ஹஃப்மன். முதலில் வந்தவர் பட்டாப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், சாதாரண உறுப்பினர் ஓட்டுப் போட்டு அவரை இறக்க வழி வேண்டும் என்றார். தாராபுரம் வாசகியின் கடிதத்தைப் படித்துவிட்டு இதைப் படித்தால் தலையாட்டத் தோன்றும். குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டு, மன்றத்தின் வாசற்படி வரைக்கும்தான். கம்பெனியின் கட்டணத்தைப் பற்றியோ, விதியைப் பற்றியோ ஓட்டு என்று அவர் வாய் திறக்கவில்லை. கீழே இருப்பவர்களுக்கு ஜனநாயகம் கொண்டுவருவதில் மேலே இருப்பவர்களுக்கு எப்போதுமே தனி ஆர்வம்.

2024 மார்ச்சில் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது, பங்கு 34 டாலர். மட்டுறுத்துநர்களுக்கும் பழைய பயனர்களுக்கும் அந்த விலையில் வாங்கிக்கொள்ள ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். வாங்கிக்கொள்ள என்பதைக் கவனி தம்பி, உழைப்புக்குக் கொடுத்ததல்ல. பயனர்கள் எழுதியதைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்க கூகுள் வருடத்துக்கு சுமார் 6 கோடி டாலர் கொடுக்கிறது என்று செய்தி வந்தது. பங்கு வெளியீட்டு ஆவணத்தில் இன்னொரு எண்: 2023ஆம் வருடத்துக்குத் தலைமை நிர்வாகியின் மொத்த ஊதியம், பெரும்பாலும் பங்காக, 19 கோடி டாலருக்கு மேல். மட்டுறுத்துநருக்கு அந்த ஆவணத்தில் ஊதியப் பத்தி கிடையாது.

முழுத் தோல்வி என்று எழுதிவிடவும் முடியாது. பார்வையற்றவர்கள் படிக்க உதவும், லாப நோக்கில்லாத செயலிகளுக்குக் கட்டணம் இல்லை என்று கம்பெனி இறங்கி வந்தது. பார்வையற்றோர் மன்றத்தினர் ஒரு குறிப்பிட்ட கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் கிடைத்தது அது. சம்பளமில்லாத உழைப்பு கோர்ட் வரை போய்ப் பணமாகத் திரும்பியதும் உண்டு. ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டை அறைகளைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர்கள், நாங்கள் செய்தது ஊழியர் வேலை என்று 1999இல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2010இல் 1.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வழக்கு முடிவதற்குள் அரட்டை அறைகளின் காலமே முடிந்துவிட்டது.

எங்கள் சொந்தக்காரர் வாட்ஸ்ஆப் குழுவில் அட்மினாக இருக்கும் மாமாவை ஓட்டுப் போட்டு இறக்க முடியுமா?
— மன்னார்குடி வாசகி

முடியாது. குழுவை ஆரம்பித்தவராக இருந்தால், இன்னொரு அட்மின்கூட அவரை வெளியேற்ற முடியாது. அவராக வெளியேறினால் உண்டு. ஒரே அட்மின் அவர்தான் என்றால், அவர் போனதும் உறுப்பினரில் யாரோ ஒருவர் தலையில் தானாகவே அட்மின் பதவி விழும். உத்தரமேரூர்க் குடவோலைக்காவது வயது, நிலம், சொந்த வீடு என்று நிபந்தனைகள் இருந்தன. இங்கே அதுவும் இல்லை. மாமாவைப் பயமுறுத்தவும் வழியில்லை: உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பாக மாட்டார், சேர்ப்பதும் நீக்குவதும்தான் அவர் கையில் இருக்கிறது என்று 2022இல் கேரள உயர்நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாமா இல்லாத குழு ஒன்றை ஆரம்பியுங்கள். ஏற்கனவே ஒன்று இருக்கும், உங்களைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவில எங்கட ஊர் வாசிகசாலையைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். ரெண்டு நாளில நீக்கிவிட்டினம். இவையளுக்கு இந்த அதிகாரத்தை ஆர் குடுத்தது? அங்க என்ர கதை எடுபடுமோ?
— பருத்தித்துறை வாசகர்

எடுபடும் ஐயா. இந்த இதழுக்கு வந்த கடிதங்களிலேயே "எடுபடும்" என்று நான் தைரியமாக எழுதுவது உங்களுக்குத்தான்.

அதிகாரம் கொடுத்தது உங்களைப் போல எழுத வந்தவர்கள். நிர்வாகி ஆக விரும்புகிறவர் பெயரை எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் முன்மொழிய வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், ஆதரவும் எதிர்ப்பும் பதிவாகும். யார் எதை எப்போது நீக்கினார், என்ன காரணம் எழுதினார் என்பது பதிவேட்டில் இருக்கும், யாரும் பார்க்கலாம். நான் தணிக்கை செய்த பல சங்கங்களில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் எனக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்காது. நீக்கிய கட்டுரையை மீட்க நிர்வாகியால் முடியும். அவருடைய பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் ஆலமரத்தடிக்கு வாருங்கள். அங்கே பொது விவாதப் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரே அதுதான். வரும்போது வெறும் கையோடு வராதீர்கள். வாசிகசாலையைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தி, ஊர் மலரில் வந்த கட்டுரை, ஏதாவது அச்சில் வந்த சான்று வேண்டும். அங்கே கைகளை எண்ணுவதைவிடக் காரணத்தை எடைபோடுவதே வழக்கம். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கத்துவதைவிட ஒரு பழைய மலரின் பக்க எண் அதிகம் பேசும். உங்களுக்கு இது அந்நிய இடமும் இல்லை: 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளம் போட்ட இ. மயூரநாதன் இலங்கைக்காரர்.

அந்தச் சமூகத்தின் பேச்சு எவ்வளவு தூரம் எட்டியது என்பதற்கு ஒரு சம்பவம். 2009 வாக்கில் கூகுள், தன் மொழிபெயர்ப்புக் கருவியைத் தேற்றிக்கொள்வதற்காக, கூலிக்கு ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கிப் பதிவேற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. மொழி கரடுமுரடு. தமிழ் வாசகர் தேடாத அமெரிக்கப் பாடகர்களும் படங்களும் வரிசையாக வந்து இறங்கினார்கள். பிழையைச் சுட்டினால் பதில் சொல்ல ஆளில்லை. எண்ணிக்கை கூடுகிறதே என்று வாயை மூடிக்கொண்டிருக்கலாம், மற்ற மொழிகளோடு போட்டி போடும் காலம் அது. தமிழ் விக்கியினர் அப்படிச் செய்யவில்லை. கூகுள்காரர்களைப் பேச்சுக்கு இழுத்தார்கள், தலைப்பை எங்களோடு கலந்து தேர்ந்தெடுங்கள் என்றார்கள், தரத்தைப் பற்றிக் கணக்கு எடுத்தார்கள். 2010இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா என்ற உலக விக்கியர் மாநாட்டில் அந்த அனுபவத்தைக் கட்டுரையாகவே வாசித்தார்கள். சம்பளமில்லாத சிறு கூட்டம், எதிரே கூகுள். இது எப்படிச் சாத்தியமாயிற்று?

என் கணிப்பு, உரிமத்தால். விக்கிப்பீடியாவில் எழுதப்பட்டதை, மூலத்தைச் சொல்லி, அதே உரிமத்தில் யாரும் அள்ளிக்கொண்டு போகலாம். மிரட்டலாக இல்லாமல் நிஜமாகவே போய்க்காட்டியவர்கள் உண்டு. 2002 பிப்ரவரியில், விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்ததும், ஸ்பானிய விக்கிப்பீடியாவில் எழுதியவர்களில் பெரும்பகுதியினர் எழுதியதை எடுத்துக்கொண்டு செவில்லா பல்கலைக்கழகத்தின் சர்வரில் குடியேறிவிட்டார்கள். ஸ்பானிய விக்கிப்பீடியா தலைதூக்கக் கொஞ்ச காலம் பிடித்தது. அதே வருடம் விக்கிப்பீடியா டாட் காம் முகவரி டாட் ஆர்க் ஆயிற்று. இன்று வரை விளம்பரம் இல்லை. அந்தக் குடிபெயர்வு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை யாரும் மறக்கவில்லை.

மேலே ஒரு விக்கிமீடியா அறக்கட்டளை இருக்கிறது. சர்வரும் நன்கொடைப் பணமும் அதன் கையில். அதன் அறங்காவலர் குழுவில் பாதி இடங்களுக்குத்தான் தன்னார்வலர்கள் ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். உரசல் வராமல் இருக்குமா? 2019 ஜூனில், ஆங்கில விக்கிப்பீடியாவின் நிர்வாகி ஒருவரை அறக்கட்டளை நேரடியாக ஒரு வருடம் தடை செய்தது. காரணத்தை வெளியே சொல்லவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். கடைசியில் விவகாரம், தன்னார்வலர்கள் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவிடம் வந்தது. செப்டம்பரில் அது தடையை நீக்கியது, ஆனால் நிர்வாகிப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை. இரண்டு பக்கமும் முழுசாகச் சிரிக்காத தீர்ப்பு. எனக்கு அந்த மாதிரித் தீர்ப்புகளில் நம்பிக்கை அதிகம்.

ஓட்டு, தேர்தல் என்று முறையாக வைத்து உருப்பட்ட இணையச் சமூகம் ஏதாவது உண்டா? எனக்குத் தெரிந்து எல்லாம் சண்டையில்தான் முடிகிறது.
— கோயம்புத்தூர் மென்பொருள் ஊழியர்

சண்டையில் முடிந்ததை முதலில் சொல்கிறேன். 1990இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்த பாவெல் கர்ட்டிஸ், லாம்டாமூ என்ற இடத்தைத் திறந்தார். முழுக்க எழுத்தாலான ஒரு வீடு. உள்ளே வந்தவர்கள் தட்டச்சிலேயே நடப்பார்கள், பேசுவார்கள், அறை கட்டுவார்கள். நிர்வாகிகளுக்கு மந்திரவாதிகள் என்று பெயர். சண்டை தீர்த்தே சலித்துப்போய், 1992 கடைசியில், இனித் தொழில்நுட்பம் மட்டும் எங்கள் வேலை, ஊர் வழக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள் மந்திரவாதிகள். அடுத்த வருடம் ஒருவன் மற்றவர்களின் பாத்திரங்கள்மேல் எழுத்தாலேயே வன்முறை செய்தபோது, தண்டிக்க யாரும் இல்லாமல் ஊர் தவித்தது. பிறகு மனு, வாக்குச்சீட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு என்று முறை வந்தது. 1996இல் மந்திரவாதிகளே கையைத் தூக்கிவிட்டார்கள்: சமூக முடிவெடுக்காமல் வெறும் தொழில்நுட்பம் பார்ப்பது நடக்காத காரியம், இனி நாங்களும் முடிவெடுப்போம் என்று. சர்வரை நிறுத்தும் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ, அவர் ஒதுங்கியிருக்கிறேன் என்று சொல்வதும் ஒரு முடிவுதானே.

உருப்பட்டது டெபியன், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச இயங்குதளம். உங்கள் அலுவலக சர்வரிலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். 1998இலிருந்து எழுதப்பட்ட அமைப்பு விதி இருக்கிறது, வருடா வருடம் தலைவர் தேர்தல். வேட்பாளர்களை விருப்ப வரிசையில் அடுக்கி வாக்களிக்க வேண்டும். வாக்குச்சீட்டில் 'மேற்கண்ட எவரும் இல்லை' என்பதும் ஒரு வேட்பாளர் மாதிரி நிற்கும், அதைத் தாண்டாதவர் தலைவராக முடியாது. நம் ஊரில் 2013இல் வந்த நோட்டாவுக்கு இந்தப் பல் இல்லை. ஆனால் ஓட்டு யாருக்கு? டெபியனைப் பயன்படுத்தும் கோடிக்கணக்கானவருக்கு இல்லை. வேலை செய்து காட்டி, மற்றவர்கள் சரிபார்த்து ஏற்றுக்கொண்ட ஆயிரம் பேர் அளவுக்குத்தான். இது நியாயமா என்று கேட்டால், நியாயம் என்பேன். பயிர் வைத்தவனுக்கு ஓட்டு, அரிசி வாங்குபவனுக்கு இல்லை. பிடிக்காவிட்டால் நிரலை எடுத்துக்கொண்டு போகலாம். 2014இல் ஒரு தொழில்நுட்ப முடிவு பிடிக்காமல் ஒரு கூட்டம் அப்படித்தான் போய் டெவுவான் என்று தனிக்கடை போட்டது. சண்டை இருந்தது, உண்மைதான். சண்டையை வைத்து மட்டும் ஒரு இடத்தை எடைபோடாதீர்கள். பேரவையில் சண்டையே வராத சங்கத்தின் கணக்கைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

சந்தா கட்டிவிட்டால் நம் பேச்சுக்கு மதிப்பு வருமா? இலவசம் என்பதுதானே பிரச்சினை?
— சென்னை வாசகர்

இல்லை சார். ட்விட்டரில் மாதம் 8 டாலர் கட்டியவருக்கு நீலக் குறி வந்தது, ஓட்டு வரவில்லை. 2022 டிசம்பரில் ஈலான் மஸ்க், நான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகலாமா என்று அங்கே கேட்டார், முடிவுக்குக் கட்டுப்படுவேன் என்றும் சொன்னார். ஒன்றே முக்கால் கோடி வாக்கு விழுந்தது. 57.5 சதவீதம் பேர் விலகு என்றார்கள். தலைமை நிர்வாகியாக வேறொருவர் வந்தது அடுத்த ஜூனில். கம்பெனி மஸ்குடையதாகவே இருந்தது.

பணம் கட்டி ஓட்டு வருகிற இடமும் உண்டு. ரசிகர்கள் எழுதும் கதைகளுக்கான ஏஓ3 என்ற களஞ்சியம். இன்னொருவர் தளத்தில் எழுதி, ஒரே நாளில் கணக்குகள் முடக்கப்பட்டுக் கொதித்துப்போனவர்கள், சர்வரும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று 2007இல் லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார்கள். படிப்பதும் எழுதுவதும் இலவசம், விளம்பரம் கிடையாது. வருடத்துக்கு 10 டாலர் நன்கொடை கொடுத்து உறுப்பினரானால் இயக்குநர் குழுத் தேர்தலில் ஓட்டு. 8 டாலருக்கும் 10 டாலருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் 2 டாலர் அல்ல, ஒரு துணைவிதி.

என் கணக்கையே காரணம் சொல்லாமல் முடக்கிவிட்டார்கள். ஓட்டெல்லாம் வேண்டாம், யாரிடம் போய் முறையிடுவது?
— தூத்துக்குடி சிறுவியாபாரி

இதற்கு நம் நாட்டில் வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021இன்படி ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் தளத்தில் வெளியிட வேண்டும். முதலில் அவருக்கு எழுதுங்கள். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை வர வேண்டும், 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் (2026க்கு முன் 15 நாள்). அந்த முடிவு திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் மத்திய அரசு மூன்று குழுக்களை அமைத்தது. எல்லாம் இணையத்தின் வழியே, டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. அரசு அமைத்த குழுவிடம் பேச்சுரிமை வழக்கைக் கொண்டுபோவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு, அவர்கள் கவலையில் அர்த்தமும் உண்டு. கடைப்படமும் வாடிக்கையாளர் எண்களும் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த விவாதம் இல்லை.

எழுதும்போது கோபத்தைச் சுருக்குங்கள். கணக்கின் பெயர், முடக்கிய தேதி, வந்த அறிவிப்பின் படம், கடைசியாக என்ன பதிவு போட்டீர்கள் என்பது, இவ்வளவு போதும். அலுவலர் அனுப்பும் ஒப்புகை எண்ணைப் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டுக்கு அது இல்லாமல் போனால் திரும்ப முதலிலிருந்து வரச் சொல்வார்கள். குழு அட்மின் உங்களை நீக்கினார் என்பதையெல்லாம் அங்கே கொண்டுபோக வேண்டாம். தளம் எடுத்த முடிவுக்குத்தான் அது. ஏழாம் நாள் வரை பதில் வராவிட்டால் எனக்கும் ஒரு வரி போடுங்கள், மேல்முறையீட்டு மனுவை நானே படித்துப் பார்த்துத் தருகிறேன்.